73939133-க்கு அடுத்த இலக்கம்

பெங்களூரு
3.2.2024

பத்மப்ரியா,

எப்போது ஆத்துக்கு வருவீர்கள் என்று நச்சரிக்கிறாய். சரி, ஒரு கணக்கு தருகிறேன்.

73939133. இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பகா எண். இப்படியே வெட்டிக்கொண்டு வா, வெறும் 7 மிஞ்சும்வரை ஒன்றுகூட உடையாது. இதன் வலப்பக்கம் இன்னும் ஒரே ஓர் இலக்கம் சேர்த்து, அதுவும் உடையாமல் நிற்கச் செய். அன்றைக்கே ரயிலேறுகிறேன். கையால்தான் வகுக்க வேண்டும், போனைத் தொடக்கூடாது.

என் புது நம்பர் யாருக்கும் கிடையாது. என் அம்மாவுக்கு இந்த முகவரியும் தெரிய வேண்டாம்.

சுமந்த்

கரமனை
20.3.2024

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி சௌக்கியம். "அவன் கடுதாசி போட்டானாடீ?" என்று தினமும் கேட்கிறார். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கணக்குக்கு வருகிறேன். இரட்டைப்படையும் ஐந்தும் ஆகாது. ஒன்றும் ஏழும் சேர்த்தால் மூன்றால் வகுபடுகிறது. மூன்றைச் சேர்த்தது 127-இல் உடைந்தது, அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒன்பது மட்டும் நிற்கிறது! ஐந்நூறு வரை வகுத்துவிட்டேன், அசையவில்லை. இன்னும் அதன் வர்க்கமூலம்வரை, இருபத்தேழாயிரம் வரை போக வேண்டுமாம். போனால் போகிறது. கிழக்கேகோட்டை பஸ்ஸில்கூட நோட்டும் கையுமாகத்தான் இருக்கிறேன். "சேச்சிக்குப் பரீட்சையோ?" என்று மலையாளக் கண்டக்டர் கேலி செய்கிறார்.

பெற்றவளுக்கு இரண்டு வரி எழுதக்கூடாதா? அப்படி என்ன கல்நெஞ்சு உங்களுக்கு?

என்றும் உங்கள்
பத்மா

பெங்களூரு
2.4.2024

பத்மப்ரியா,

முட்டுவலியை நான் கேட்டேனா? கணக்கு முடிந்த பிறகு எழுது. அதுவரை எந்தச் சேதியானாலும் எனக்கு வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

சுமந்த்

கரமனை
18.11.2024

சுமந்த் அவர்களுக்கு,

கணக்கு முடிந்தது. ஒன்பதும் உடைந்தது. எந்த இலக்கமும் சேராது.

இது உங்களுக்கு முதலிலேயே தெரியும். மே மாதம் எதிராத்து சுப்ரியா என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமி, இது பேர்போன நம்பராக்கும், கேட்டேளா? இதோட தீர்ந்துபோச்சு. காலேஜ்ல எங்களுக்கெல்லாம் தெரியும். யாரு மாமி உங்களை இப்படி ஏமாத்தினது?" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே எழுதிச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் கையால் வகுத்து முடிக்காமல் எழுதக்கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே! மறுபடி உட்கார்ந்து வகுத்தேன், அவசரமே படாமல்.

ஜூலையில் அம்மா விழுந்துவிட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. "சுமந்துக்கு எழுதுடீ, ஒரு தரம் பார்த்துடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். உங்கள் முகவரி என் பையிலேயே இருந்தது. "எழுதிட்டேம்மா, வந்துண்டிருக்கார்" என்றேன். அதை நம்பி வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். உங்கள் சித்தப்பா சேஷன் கொள்ளி வைத்தார். தகவல் சொல்லியும் நீங்கள் வரவில்லை என்று தெருவில் எல்லாரிடமும் நான்தான் சொன்னேன்.

அம்மாவுக்குச் செய்தது மகாபாவம். அது என்னோடு கடைசிவரை வரும். உங்களுக்குச் செய்ததற்குத் துளி வருத்தமில்லை.

நான் ஆரியசாலையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போகிறேன். வீட்டுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது. அம்மாவின் திதி ஆடி மாதம் தேய்பிறை சப்தமி. குறித்துக்கொள்ளுங்கள்.

பத்மப்ரியா