பதின்மூன்று டிகிரி

ஜனவரி 9

அன்பு மகன் தகாயுகிக்கு,

இங்கே இடுப்பளவு பனி, ஆனாலும் நான் நலம். ககோஷிமாவில் நீயும் மருமகள் நவோகோவும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஊரின் வெந்நீர் ஊற்றை உன் அம்மா திருடவில்லை. ஊற்று வற்றிவிடும், புவிவெப்ப மின்நிலையம் வேண்டாம் என்ற மனுவில் மூன்று வருடம் முன்பு முதல் ஆளாகத் தன் பெயர் முத்திரையை வைத்தவளே தன் கொல்லையில் துளை போட்டாள் என்று விடுதிச் சங்கத் தலைவர் ஷிராஹதா சொல்லித் திரிகிறார். நீயும் நேற்று தொலைபேசியில், "நீங்களும் தோண்டினீங்கல்லம்மா?" என்றாய்.

இரண்டும் ஒன்றல்ல. அந்த மின்நிலையக்காரர்கள் கேட்டது இரண்டாயிரம் மீட்டர் ஆழம். மலைக்கடியில் கொதிக்கும் நீரையும் ஆவியையும் மேலே இழுத்து மின்சாரம் எடுப்பது அவர்கள் வேலை. நான் செப்டம்பரில் போட்டது எண்பது மீட்டர், அதற்குள் ஒரு மூடிய குழாய். உறையாத திரவம் அதில் இறங்கி ஏறுகிறது, நிலத்திலிருந்து ஒரு சொட்டு நீரும் வெளியே வருவதில்லை. மண்ணில் வருடம் முழுவதும் இருக்கும் மிதமான சூட்டை ஹீட் பம்ப் வாங்கி, கூட்டி, அறைகளுக்குத் தருகிறது. பிரிட்ஜின் பின்புறம் சுடுமே, அதே வேலைதான். அது மின்சாரம் தராது, கொஞ்சம் தின்னும். எரிமலை இல்லாத ஊரிலும் போடலாம். பள்ளியில் எனக்கு அறிவியல் நடத்திய சிஸ்டர் மக்தலேனா இதைப் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு ஒரே பாடவேளையில் புரியவைத்திருப்பார்.

நவம்பரில் எல்லா விடுதிகளிலும் குளியல் நீர் வெதுவெதுப்பாகிப்போனது. ஷிராஹதா கூட்டத்தில் எழுந்து, "சூட்டையெல்லாம் அந்தம்மா உறிஞ்சிட்டாங்க. வயசானா ரத்தம் குளிருமாமே!" என்றார். சிரித்த ஏழு பேரின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. வரும் இருபதாம் தேதி, ஊற்றிலிருந்து நம் விடுதிக் குளியலுக்கு வரும் வெந்நீர்க் குழாயை அடைக்க வாக்கெடுப்பு. அடைத்தால் உன் அப்பாவின் விடுதி மூடியதுதான்.

நான் கத்தவில்லை. எல்லோருடைய துளையையும் அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஊற்றுகளைக் கவனிக்கும் கென்சாகு போன வாரம் என் கொல்லையிலிருந்து தொடங்கினார். பதின்மூன்று டிகிரி. "இதுல முட்டைகூட வேகாதேம்மா," என்றார். பிறகு ஷிராஹதாவின் கொட்டகைக்குப் பின்னால் புதுப் பம்ப் ஒன்றைக் கண்டார், அவர் பங்கைப் போல இரண்டு மடங்கு வெந்நீரை அது இழுத்துக்கொண்டிருந்தது. "ஊரே நடுங்குது, தலைவர் வீட்டு மீன்குளத்துல ஆவி பறக்குது!" என்று சொல்லிக்கொண்டே கென்சாகு அறிக்கையை என் கையில் தந்தார். கூட்டம்வரை அது என்னிடம்தான் இருக்கும்.

சனிக்கிழமை ஷிராஹதா ஊதாத் துணியில் கட்டிய இனிப்புப் பெட்டியோடு வந்து பாயில் நெற்றி பட விழுந்தார். "மூணு தலைமுறைப் பேரும்மா. கூட்டத்துல மட்டும் படிச்சிடாதீங்க," என்றார். பெட்டியை வாங்கினால் மன்னித்ததாகிவிடும். அவருக்கு ஊற்றிய தேநீர் ஆறும்வரை அப்படியே இருக்கவிட்டேன். பிறகு முடிச்சை அவிழ்க்காமல் பெட்டியை அவர் பக்கம் தள்ளி, "வழியெல்லாம் பனி வழுக்குது, கீழ போட்டுடாம தூக்கிட்டுப் போங்க," என்றேன். அதன் பிறகுதான் உன்னை அழைத்திருக்கிறார். பம்ப் கதையை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

"விட்டுடுங்கம்மா" என்கிறாய். மன்னிப்பைப் பற்றியும் சிஸ்டர் சொல்லியிருக்கிறார், அதை இருபத்தொன்றாம் தேதி பார்த்துக்கொள்கிறேன். இருபதாம் தேதி அந்த ஏழு பேரின் முகத்துக்கு முன்னால் அறிக்கையை வரி விடாமல் படித்து, அவருடைய துளையை அடைக்கச் சொல்லிக் கேட்பேன். அப்பாவுக்குப் பிறகு ஊற்றுப் பங்கில் பாதி உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதமும் வேண்டும்.

காலை உணவைத் தவிர்க்காதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். சம்மதமோ மறுப்போ, உன் முத்திரை வைத்து, பதினெட்டாம் தேதிக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி கடிதமாக எழுது.

உன் அம்மா,
குசகாபே மிட்சுயே