பாலத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே பெரிது. இங்கே தங்கையும் பாப்பாவும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வராமல் அந்தத் தையல்கார அம்மா இறந்த அன்றைக்குத் தப்பு, வண்டியை ஓட்டிய உங்கள் மேல் இல்லை. வண்டிகளுக்கு மேப் வரைந்த என் மேல்தான்.

போன மாதம் ஆம்புலன்ஸுக்கு வந்திருக்கும் புது டிரைவர் எனக்குப் போன் செய்தார். "சார், மேம்பாலத்து நடுவுல நிக்கிறேன். ஜி.பி.எஸ். பெட்டி ரைட்ல திரும்புங்குது. திரும்பினா வண்டியோட கீழ வாய்க்கால் ரோட்லதான் போய் விழணும்" என்றார். வண்டியில் நோயாளி இல்லை, அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார். விசாரணையில் நீங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான்.

கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பாலம், கீழே வாய்க்கால் சாலை. மேப்பில் அந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டுமே தவிர, சேரக் கூடாது. நான் வரைந்தபோது இரண்டுக்கும் பொதுவாக ஒரே புள்ளியை வைத்துத் தொலைத்திருக்கிறேன். புள்ளி ஒன்றாக இருந்தால் பெட்டிக்கு அது நாற்சந்தி. தாராளமாகத் திரும்பச் சொல்லும். புள்ளியைப் பிரித்து, பாலத்தை ஒரு அடுக்கு மேலே ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை.

விசாரணையில் எல்லோர் முன்னாலும் நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் பாதையைப் போட்டுக் காட்டினேன், சரியாக வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போட்டேன். நீங்களோ அன்று வேறொரு நோயாளியை அக்கரையில் இறக்கிவிட்டு அங்கிருந்தே கிளம்பியிருந்தீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் பாதை பாலத்தில் ஏறும். "அங்கேருந்து போட்டுப் பாருங்க மச்சான்" என்று கேட்டீர்கள். தேவையில்லை என்றேன். என் மேப்பில் தப்பு வராது என்ற திமிர், வேறொன்றுமில்லை. பாலத்தை மூன்று முறை தாண்டினேன் என்று நீங்கள் சொன்னபோது அதிகாரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் போய்ச் சொன்னார்களோ, அன்றிலிருந்து தங்கை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வேலை போன நீங்களும் ஊரை விட்டே போய்விட்டீர்கள்.

பதினோரு வண்டிகளிலும் திருத்திய மேப்பை ஏற்றிவிட்டு, தனியாக வேறொரு பெட்டியில் மட்டும் பழையதை வைத்துக்கொண்டு அக்கரையிலிருந்து நானே ஓட்டிப் பார்த்தேன். பாலத்து நடுவில் திரும்பச் சொன்னது. திரும்ப வழியில்லாமல் ரவுண்டானா வரை போய் வந்தால், மறுபடி அதே இடத்தில் அதே பேச்சு. மூன்றாவது முறை தாண்டியபோது முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. பெட்டி காட்டும் வழியை விட்டு விலகக் கூடாது என்று விதி போட்டதும் நாங்கள்தானே. வண்டியை ஓரம் கட்டினேன். எனக்காக எங்கும் யாரும் மூச்சுக்குத் திணறிக்கொண்டு காத்திருக்கவில்லை. எனக்கே இப்படியென்றால், அந்தத் தையல்கார அம்மாவின் வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்த உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த அம்மாவின் மகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் அண்ணன் அன்னிக்கு எங்க வாசல்ல உக்காந்து அழுதாரு. நாங்கதான் வாய்க்கு வந்தபடி பேசிட்டோம். அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

ஆபீஸிலும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கி உத்தரவு போட்டிருக்கிறார்கள். நகல் இத்துடன் இருக்கிறது. பழைய வேலையைத் திரும்பத் தரத் தயாராம். என்னை மேப் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ஒரு டிரைவர் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்க்காமல் எந்த மேப்பையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாகத் தங்கையிடம் போனேன். நிலைப்படியில் நின்றபடியே கேட்டாள். "இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? அவருக்கு எழுது" என்று, பாப்பாவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். தான் படித்த பிறகுதான் தபாலில் போட வேண்டும் என்றும் சொன்னாள்.

படித்துவிட்டாள். இந்த இடத்தில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "இதையெல்லாம் கடுதாசியில கேட்காதே. அவர் வந்ததும் நேர்ல கேளு" என்றாள். அதனால்தான் மறுபடி சுத்தமாக எழுதியிருக்கும் இந்தக் கடிதத்தில் அந்த வரிகள் இல்லை.

'வந்தால்' என்று சொல்லவில்லை மாப்பிள்ளை. 'வந்ததும்' என்றுதான் சொன்னாள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
உங்கள் மச்சான்