ஈர மணலும் இரும்புத் தகடும்

12.8.1974, திங்கள்

நித்திரை வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. கப்பல்துறையில் எங்கள் கராஜில் செய்த முதல் டிப்பருக்கு, பின்பெட்டி எழும்பி மணல் கொட்டும் லொறிக்கு, இன்று சோதனை. மணல் ஒழுங்காகக் கொட்டாவிட்டால் லொறியை எடுக்கமாட்டேன் என்று லொறி முதலாளி சொல்லியிருந்தார். பெட்டியின் அடிக்கு முதிரை மரப் பலகைதான் சரி என்று நான் பிடிவாதமாக நின்றேன். கூட்டாளி நசார் கேட்காமல், உடைத்த கப்பலின் இரும்புத் தகட்டைப் போட்டுவிட்டான். ஈர மணல் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னேன். அந்தத் துணிவில் சைக்கிளையும் லொறிக்குப் பின்னாலேயே நிறுத்தினேன்.

“தள்ளி வையுங்கோ அண்ணை, மணல் சறுக்கப் போகுது,” என்றான் நசார்.

“அது சறுக்காது. நீ உயர்த்து!”

பெட்டி பாதிகூட எழும்பவில்லை, அதற்குள் முழு மணலும் ஒரேயடியாக இறங்கிவிட்டது. சைக்கிளின் மணி மட்டும் வெளியே தெரிந்தது. நசார் இறங்கி வந்து குனிந்து அதை அடித்தான். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னொரு லொறிக்கும் பெட்டி செய்து தாங்கோ.”

“ஓம், செய்வம்,” என்றேன், மணலைத் தோண்டியபடி. “அடிக்குத் தகடுதான்.”