பால்தானே என்று திறந்த குழாய்

அன்பு மகள் கொசுவுக்கு,

உன்னைத் தோளில் சுமந்து காதில் கடி வாங்கிய உன் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் உடம்பளவில் சௌக்கியம். அதற்கு மேல் எவ்வளவு சௌக்கியம் என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே கணக்குப் போட்டுக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்த மறுநாளே பரணில் ஏறி உலகத்துப் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கியதில் வீட்டுக்குள் கண் கூசுகிறது, நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். என் தொப்பை வழக்கம்போல எனக்கு முன்னால் போய் நான் வருகிற சேதியைத் தெருவுக்குச் சொல்லிவிடுகிறது. பாலையும் வெண்ணெயையும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர், ஊர்ப் பால் கொள்முதல் நிலையத்தின் ஏகச் சக்கரவர்த்தியைப் பார்த்தா இப்படிச் சொல்கிறீர் என்று கேட்டேன், சக்கரவர்த்திகளுக்கும் ரத்தக்குழாய் அதே அகலம்தான் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். குறைத்துவிட்டேன். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சோயாப் பால்தான் வாங்குகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். பயறு கழுவிய தண்ணீருக்குப் பால் என்று பேர் வைத்தவனை நாடு கடத்த வேண்டும் என்று நானும் ஒரு பதில் எழுதினேன் அல்லவா, அதைக் கிழித்துப் போட்டுவிடு. வயிறு உன்னுடையது, அதற்கு ஒத்துவராததை அதன் தலையில் கட்டாதே. தயிர் ஒத்துக்கொண்டால் கொஞ்சம் தயிர் சாப்பிடு, இல்லாவிட்டால் எலும்புக்குக் கீரை இருக்கிறது, எள் இருக்கிறது, முள்ளோடு மெல்லும் சின்ன மீன் இருக்கிறது.

மீன் என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சித்தி எட்டிப் பார்த்து, அதைத்தானே எழுத உட்கார்ந்தீங்க, எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேட்பதற்குள் என் கையால் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார், பாலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். என்னிடம் போய் நாலு வார்த்தை கேட்கலாமா? பசு என்பது வாலாட்டும் மருந்துக்கடை என்றேன், பால் சிந்திய இடத்தில் பாறைகூடப் பல் முளைத்துச் சிரிக்கும் என்றேன், நான் ஒரே மூச்சில் ஒரு குடம் குடித்துவிட்டு லாரியை ஒற்றைக் கையால் தள்ளிய வீர வரலாற்றையும் அவிழ்த்துவிட்டேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஆனால் பாலைக் குளிர்விக்கும் பெரிய தொட்டி இருக்கிறதே, அதன் மெஷின் பக்கத்திலேயே கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது, பின்வரிசைக்கு என் குரல் போகவில்லை. அதனால் ஸ்விட்சை அணைத்தேன். பேச்சு முடிந்தது, கை தட்டினார்கள், போனார்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பேச்சை முதலிலிருந்து சித்திக்கு இன்னொரு தடவை நிகழ்த்தினேன். ஸ்விட்சைப் போடவே இல்லை. நெருப்பாய்க் கொளுத்திய வெயில் அன்றைக்கு.

சாயங்காலம் லாரி வந்தது. டிரைவர் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலை எடுத்துக் காய்ச்சினார், திரிந்துபோனது. என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், இதை ஏற்ற முடியாது, முறைப்படி அப்புறப்படுத்திடுங்க என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போய்விட்டார். வீடு வீடாக விடியுமுன் எழுந்து கறந்து கொண்டுவந்த பால், கொசு. அத்தனை மாடு தின்ற புல், குடித்த தண்ணீர், அத்தனை பேருடைய முதுகு வலி, எல்லாம் அந்தத் தொட்டியில் புளித்து நின்றது. கெட்ட பாலை டிரம்மில் அடைத்து வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கிற குழியில் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும், அதுதான் முறை. ஆனால் வண்டி போக வேண்டியது பள்ளிக்கூடத் தெரு வழியாக. காலையில் எனக்குக் கை தட்டிய வாண்டுகளெல்லாம் அங்கே விளையாடிக்கொண்டிருக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தொட்டிக்கு அடியில் மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிற ஒரு குழாய் உண்டு, அதைத் திறந்துவிட்டேன். மனசு ஒரு தடவை உறுத்தியது, பால்தானே, விஷமா என்று அதன் வாயை அடைத்தேன். இத்தனை வருஷம் அமுதம் அமுதம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது மண்டையில் ஏறிவிட்டது. வாய்க்கால் போய்ச் சேருவது மீன்காரர் மீன் வளர்க்கிற குளத்தில், அவர் மீன்களுக்கு இன்று ராஜ விருந்து என்றுகூட நினைத்துக்கொண்டேன். மேலாளருக்குப் போன் செய்து, குழியில் போட்டு மூடியாகிவிட்டது என்று சொன்னேன்.

மறுநாள் காலை குளத்தங்கரையில் கூட்டம். மீன்காரர் மார்பளவு தண்ணீரில் நின்று ஒரு பலகையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார், அடித்தால் தண்ணீருக்குள் காற்று போகுமாம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மற்றவை ஏற்கெனவே வயிற்றைக் காட்டி மிதந்தன. அடுத்த வாரம் வலை போட இருந்த மீன்கள். தண்ணீர் சாம்பலும் வெள்ளையுமாகக் கலங்கியிருந்தது. ஒரு வாடை வந்தது, அங்கே நின்றவர்களில் அது என்ன வாடை என்று தெரிந்த ஒரே மூக்கு என்னுடையது.

வாய்க்காலுக்கு மேல்பக்கம் உன் சிநேகிதியின் அம்மாவுடைய சாயப்பட்டறை இருக்கிறது, துணியை வெளுக்கிற தண்ணீரும் வெள்ளைதான், ஊருக்கு அது போதுமாக இருந்தது. அந்தம்மா தன் தொட்டியைத் திறந்து காட்டினார், என் தண்ணி வெளியவே போறதில்லை, பாருங்க என்று கெஞ்சினார். அப்போது யாரோ என் பக்கம் திரும்பி, நீங்க தினமும் சோதனை பண்றவராச்சே, நீங்க சொல்லுங்க என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கம் இல்லை. நான் பேசினேன். “வெளுக்குற தண்ணியும் இப்படித்தான் வெள்ளையா இருக்கும்” என்றேன். பொய் இல்லை பார், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் துளி மிகைப்படுத்தாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான், அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தம்மா பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

தண்ணீரைச் சோதிக்க ஓர் அதிகாரியம்மா வந்து பாட்டிலில் பிடித்துப் போனார், முடிவு தெரிய நாளாகும் என்றார். நான் கூடவே நடந்து, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, பால் கலந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சாக்கடையே தேவலாம் என்றார். பாலைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடி கோடியாகப் பெருகுமாம், தண்ணீரில் கரைந்திருக்கும் மூச்சையெல்லாம் அவையே இழுத்துவிடுமாம், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகுமாம். கொழுப்புள்ள நல்ல பாலாக இருந்தால் இன்னும் மோசம் என்றார். எங்கள் நிலையத்துப் பால் எவ்வளவு கெட்டியானது என்று நான் பீற்றாத ஆள் கிடையாது.

அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை. சித்திதான் தினமும் அந்தம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், நான் செய்தது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அந்தம்மா சாப்பிடவில்லையாம், சித்தி கையைப் பிடித்துக்கொண்டு, “ஒருவேளை நான்தான் பண்ணிட்டேனோ அக்கா, எங்கயாவது ஓட்டை இருந்து எனக்குத் தெரியாம போயிருக்குமோ” என்று கேட்டாராம். ஊர் சொன்னதைத் தாங்கிக்கொண்டவர், தன்னையே நம்ப முடியாமல் போய்விட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தேன். கையைக் கழுவிவிட்டுச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. எழுந்து வாங்க என்றாள்.

குளத்தங்கரையில் அன்று ஊரே கூடியிருந்தது, பட்டறையை ஒரேயடியாக மூட மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். எனக்கு இருப்பது ஒரே வாய்தானே, அது பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று. மாபெரும் சபையோரே, இதோ நிற்கிறான் மீன் குலத்தையே கருவறுத்த மாபாவி, பாலால் ஒரு பிரளயம் உண்டாக்கியவன் என்று தொடங்கினேன். சிரித்தார்கள். வீட்டில் சாவு விழுந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்த மீன்காரர்கூடத் தலையைத் தூக்கி, இன்னிக்கு வேண்டாம் அண்ணே, மனசு சரியில்ல என்றார். பால் குடிச்சு மீன் செத்துச்சாம், அடுத்தது தேன் குடிச்சு யானையா என்று ஒருத்தன் கேட்டான், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இத்தனை வருஷமாக ஊரைச் சிரிக்க வைத்ததற்கு மொத்தமாகக் கூலி கிடைத்தது. நான் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். “மெஷினை நான்தான் அணைச்சேன். பால் கெட்டுது. குழாயை நான்தான் திறந்தேன். அந்தம்மா மேல தப்பில்ல.” பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது உன் சித்தி என் பக்கத்தில் வந்து நின்று, சத்தம் போடாமல் சொன்னாள். “இவ்வளவு சுருக்கமா இவருக்குப் பொய் சொல்ல வராது.”

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மீன்காரர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், குளத்தை இறைச்சுச் சேறு வாரணும், காலையில வந்துடுங்க என்றார். அண்ணே என்று கூப்பிடவில்லை. பட்டறைப் பூட்டை அன்றே திறந்தார்கள். நான் அந்தம்மா வாசலில் போய் நின்று, மன்னிச்சிடும்மா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தனை நாளா என் தொட்டியை நானே மோந்து மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை.

மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். நான் பார்க்க வளர்ந்த பையன், என் முகத்தைப் பார்க்காமலே நிலையத்துச் சாவியை வாங்கிக்கொண்டான், மேலே இருந்து உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மீன்காரருக்கு ஈடு செய்வது பற்றிப் பேசி முடித்தாகிவிட்டது, அதற்காக நீ எதுவும் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். லீவு போட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். தினமும் முழங்கால் புதைய நின்று சேறு வாருகிறேன், மீன்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், இருவரும் பேசுவதில்லை. பாலை இப்போதும் நான் தாழ்த்திச் சொல்ல மாட்டேன், அது எத்தனையோ குழந்தைகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. போக வேண்டிய இடம் தவறினால் அதுவும் கொல்லும் என்று அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டும், டீச்சரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

நீ நீடூழி நன்றாக இரு, மகளே. வேலையில் தப்பு நேர்ந்தால் அன்றைக்கே வாய் திறந்து சொல்லிவிடு, நாள் கடத்தி என்னைப் போல ஆகாதே. தலைக்கு எண்ணெய் வை, வெறும் காலோடு ஈரத் தரையில் நடக்காதே, சித்தி சொல்லச் சொன்னாள். முக்கியமாக ஒன்று. உன் சிநேகிதி நீ இருக்கிற ஊரிலேயேதான் இருக்கிறாள், அம்மா குளத்தைக் கெடுத்துவிட்டாள் என்று இங்கிருந்து யார் யாரோ அவளுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவளிடம் எனக்காகப் பரிந்து பேசாதே. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டு. சிரிக்க வைக்க எழுதிய இடங்களையெல்லாம் விட்டுவிட்டுப் படி.

இப்படிக்கு,
உன் நலனை வேண்டி நிற்கும், உன்னை வளர்த்த சித்தப்பா