லைசன்ஸ் அட்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரே நாளில் நாற்பது இரும்புக் கதவு அடித்து முடித்தோம். சரி, இருபத்தாறு. பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது ஒரு வாரப் பாடு. ஸ்பிரே மெஷின் வைத்திருக்கிறவனுக்கு விளையாட்டு. கிடங்குக்காரர் என் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போனார். பெயின்ட் நெடி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டார் என்கிறாள் அக்கா மகள். அவள் அப்படித்தான், என்னை ஏற்றி விட்டு ஏணியை ஆட்டுவாள்.

இந்த டைரியும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். "வாயால அவுத்து விடுறதையெல்லாம் எழுதி வைங்க மாமா, ஒரு நாள் புஸ்தகமாப் போட்டுடலாம்" என்றாள். ஏழாம் வகுப்போடு நின்ற கை. ஆனாலும் எழுத்து முத்து முத்தாகத்தான் விழுகிறது. போகிற இடமெல்லாம் பையில் எடுத்துப் போகிறேன்.

மூன்று வருஷமாக நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. மெஷினை நான் பிடித்தால் அவள் பெயின்ட் படக்கூடாத இடத்தில் காகிதம் ஒட்டுவாள். அவள் பிடித்தால் நான் பேசுவேன். பெயின்ட் பீய்ச்சுகிற கன் அவள் கையில்தான் சீராக ஓடும். இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை முகம் காட்டுவார். கீழ்வீட்டில் அக்கா, அவள், அவளுடைய ஏழு வயசு வால். மாடி அறையில் நான்.

மேஸ்திரி வந்து, "இந்த மெஷினுக்கெல்லாம் லைசன்ஸ் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். டைரிக்குள் பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கும் அட்டையை எடுத்துத் தூரத்திலிருந்தே காட்டினேன். சிவப்புக் கரை, பளபளப்பு, நடுவில் ஒரு கையின் படம். "கம்பெனிக்காரனே என் பேருக்கு அனுப்பினது" என்றேன். மனுஷன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மெஷின் பெட்டிக்குள் கிடந்த அட்டை அது. எல்லாம் இங்கிலீஷ். கை படம் போட்டிருக்கிறதே, ஏதாவது பாராட்டாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அக்கா மகள், "குடுங்க மாமா, என்ன போட்டிருக்குன்னு பாக்குறேன்" என்றாள். பைக்குள் போட்டுவிட்டேன். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அதுதான் பயம்.

மார்ச் 5, வியாழன்

டீ நேரத்தில் கட்டைவிரல் கதையைச் சொன்னேன். மேஸ்திரி கேட்டதில்லையாம்.

கன்னிலிருந்து பாய்ந்த பெயின்ட் கட்டைவிரலுக்குள் ஏறியது. நரம்பு வழியாகத் தோள்பட்டை வரைக்கும் பச்சைக் கோடு. மூன்று டாக்டர்கள் கூடிக் கையையே எடுக்கணும் என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். விரலைப் பிழிந்தேன், பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியைச் சுற்றினேன், படுத்தேன். காலையில் புது விரல்.

"போன மாசம் முழங்கை வரைக்கும்தான் ஏறிச்சு" என்றாள் அக்கா மகள். "இப்படியே போனா அடுத்த மாசம் தலைக்கு ஏறிடும்."

"அது ஏறி ரொம்ப நாளாச்சு" என்றார் மேஸ்திரி.

சிரித்துச் சிரித்து டீ ஆறிவிட்டது. தழும்பையும் காட்டினேன்.

டைரி, உனக்கு மட்டும் சொல்கிறேன். அது பெயின்ட் டின் மூடி கிழித்த காயம். மூன்று தையல். டின் மூடியை வைத்துக்கொண்டு ஒரு டீ நேரத்தை ஓட்ட முடியுமா, நீயே சொல்.

மார்ச் 9, திங்கள்

கன் முனையில் இருக்கிற நாசிலின் முன்னால் இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் காப்பைக் கழற்றி வைத்துவிட்டேன். அதில் பெயின்ட் சேர்ந்து கதவில் சொட்டுகிறது. விரல் முன்னால் போய்விடாமல் இருக்கத்தான் அந்தக் காப்பு. அது கற்றுக்குட்டிகளுக்கு. "இருந்துட்டுப் போகட்டுமே மாமா" என்றாள். "மூணு வருஷமாச்சு, இன்னும் நடைவண்டியா?" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு நாசில் அடைத்துக்கொண்டது. கன் அவள் கையில். மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்தினாலும் ஹோஸுக்குள் பிரஷர் அப்படியே நிற்கும். கன்னை வாளிக்குள் பிடித்து அடித்து அதை இறக்கணும், பிறகு விசையைப் பூட்டணும். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறவன் நான். அவளும் என்னைப் பார்த்துப் பழகினவள்தானே.

இடது கையில் துணியைப் பிடித்து நாசிலைத் துடைத்தாள். வலது கை விசையில் பட்டது. "ப்ச்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா மாமா?"

மேஸ்திரியும் வந்துவிட்டார். "எதுக்கும் காட்டிடலாமே. இல்ல, இவருக்குத்தான் அனுபவம் இருக்கே" என்று என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன சொல்ல? "எனக்கு ஆனதுல பாதிகூட இல்ல" என்றேன். பிழிந்துவிட்டு, தின்னர் துணி சுற்றினேன். "பாத்தீங்களா, நானும் மாமா ஆயிட்டேன்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு நாலு கதவு அடித்தாள்.

சாயங்காலம் விரல் வீங்கிவிட்டது. மகளுக்கு ஜடை பின்ன உட்கார்ந்தவள் பாதியில் விட்டுவிட்டாள். "ஒரு எட்டு டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்களேன்" என்றாள் அக்கா.

அக்கா மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கும் முதல் நாள் வீங்கித்தானே இருந்துச்சு மாமா?"

"ஆமா. இதைவிடப் பெருசா" என்றேன்.

நாளைக்குச் சரியாகிவிடும். சரியாகாமல் என்ன?

மார்ச் 11, புதன்

விரல் சாம்பல் நிறமாக இருந்தது. தொட்டால் ஜில்லென்று. ஆட்டோவில் ஏறினோம். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். "எப்ப ஆச்சு?"

"நேத்து பதினோரு மணிக்கு" என்றாள்.

"நேத்தா? இருபத்திரெண்டு மணி நேரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன், தின்னர் துணி சுற்றினேன் என்று. "தின்னரா" என்றார்.

"எவ்வளவு பிரஷர், என்ன பெயின்ட்? மெஷினோட ஒரு அட்டை வந்திருக்குமே."

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் சொன்னாள். "மாமாகிட்ட ஒரு லைசன்ஸ் அட்டை இருக்கு."

டைரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா படித்தார். பிறகு எங்களுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பெயின்ட் தோலுக்குள் பாய்ந்தால் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும். அது சாதாரண வெட்டுக்காயம் இல்லை. உடனே அறுவை சிகிச்சை செய்யணும். நேரம் போனால் விரலோ கையோ போய்விடும். இந்த அட்டையை டாக்டரிடம் காட்டவும்.

"அந்தப் படம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"கைக்குள்ள பெயின்ட் பாயுற படம்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"மூணு வருஷம்."

என் வாயிலிருந்து கூட்டாமல் குறைக்காமல் வந்த முதல் கணக்கு அதுதான்.

மார்ச் 12, வியாழன்

உள்ளங்கை வரைக்கும் திறந்து கழுவியிருக்கிறார்கள். எலும்பை ஒட்டி, கதவுக்கு அடித்த அதே சாம்பல் பெயின்ட் இருந்ததாம்.

மார்ச் 14, சனி

ஆஸ்பத்திரியில் பகல் முறை எனக்கு. அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள்.

"மாமா, டாக்டர் சொல்றாங்க, இது யாருக்கும் தன்னால சரியாகாதாம். உங்களுக்கு மட்டும் எப்படிச் சரியாச்சு?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் ஏதோ கைப்பக்குவம் இருக்கிறது, தனக்கும் ஆகுமா என்று பார்க்கிறாள்.

"அது டின் மூடிம்மா" என்றேன்.

"எது?"

"கட்டைவிரல். மூடி கிழிச்சது. பெயின்ட் உள்ள போகவே இல்ல."

தோள்பட்டை, மூன்று டாக்டர், பச்சைக் கோடு, இதெல்லாம் புளுகு என்று அவளுக்கு என்றைக்கோ தெரியும். அடியில் ஒரு நிஜம் இருக்கும், அதன் மேல்தான் நான் பூசுகிறேன் என்று நம்பியிருக்கிறாள்.

பிறகு சொன்னாள்: "அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேனே மாமா."

"ஆமா."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட கை மட்டும் என் பக்கமே கிடந்தது. அதைத் திருப்ப அவளால் முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

விரலை எடுத்துவிட்டார்கள். அடியோடு.

மார்ச் 19, வியாழன்

அக்கா திட்டவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம், "டேய், கொட்டிக்க வாடா" என்று கீழிருந்து கத்துவாள். தெருவுக்கே கேட்கும்.

தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்கிறேன். எதற்கு? யாருக்குப் பயந்து? அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமா, என் முகத்தைக் காட்டவா?

என்ன மனுஷன் நான். ஒரு டீ நேரம் ஓட வேண்டாமா என்று கேட்டேனே. ஓடிச்சு. நல்லா ஓடிச்சு.

மார்ச் 27, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. வால் கண்ணாடி முன்னால் நின்று அழுகிறது. அம்மா பின்னின ஜடை நிற்கவில்லை. மூன்று பிரி முடியில் ஒன்று அந்த இல்லாத விரல் பக்கமாக நழுவி நழுவி விழுகிறது. இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னினாள். மூன்றாவது தடவை சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் பின்னிப் பார்த்தேன். வால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஜடை இல்ல தாத்தா, கயிறு" என்றது.

ஏப்ரல் 20, திங்கள்

வேலைக்குப் போனேன். தனியாக.

போவதற்கு முன்னால் மெஷின் விற்ற கடைக்குப் போய் உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுச் சொல்லுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கார் டயருக்கு அடிக்கிற காற்றைப் போல நூறு மடங்கு அதற்குள் நிற்கிறதாம். மோட்டாரை நிறுத்து. கன்னை வாளிக்குள் பிடித்து விசையை அழுத்து. வடிகுழாயைத் திற. விசையைப் பூட்டு. அதற்குப் பிறகுதான் நாசில் பக்கம் கை. துடைக்க விரல் வேண்டாம், பிரஷ். காப்பு எப்போதும். எதுவும் புதிதில்லை. எல்லாம் தெரிந்ததுதான்.

மேஸ்திரி புது ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து, "நம்ம பெரியவர் கட்டைவிரல் கதை ஒண்ணு சொல்வார் பாருங்க" என்றார். அவருக்கு விஷயம் தெரியும். பேச்சை மாற்றத்தான் சொன்னார் போலிருக்கிறது, அல்லது குத்திக் காட்டத்தான். எப்படி இருந்தால் என்ன.

"அது டின் மூடி" என்றேன். அவளுக்கு நடந்ததையும் சொன்னேன், நான் சொன்னதையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை. டீ சூடாகவே இருந்தது.

இன்று பதினொரு கதவு.

மே 11, திங்கள்

அவளும் வருகிறேன் என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான்.

கன்னைத் தொடவில்லை. காகிதம் ஒட்டினாள். ஒட்டுவதற்கும் அந்த விரல் வேண்டியிருக்கிறது, பார்க்கும்போதுதான் தெரிகிறது. மத்தியானம் கையை நீட்டி, "அந்த அட்டையைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். உட்கார்ந்து தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்து மெஷின் மூடியில் ஒட்டினாள். நான் படித்தேன். அவள் எழுதியதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆறு கதவு.

மே 31, ஞாயிறு

அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். "டேய்" என்று மட்டும்.

போனேன். அக்கா மகள் தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒன்று அவள் கையையே பார்த்துவிட்டு, "அத்தை, உங்க விரல் எங்க?" என்று கேட்டது.

"அதுவா? நான் ஆத்துல கை கழுவிட்டிருந்தேனா, ஒரு முதலை வந்துச்சு. எனக்குப் பசிக்குது, ஒரு விரல் குடுன்னுச்சு. எதைக் குடுக்கிறதுன்னு யோசிச்சேன்."

சின்னப் பெண் வாயைப் பிளந்து கேட்டது. நன்றாகவே சொன்னாள். எங்கே நிறுத்தணும், எங்கே கண்ணை உருட்டணும், எல்லாம் என் கைவரிசை. என்னை ஏறெடுத்துப் பார்க்காமலே சொன்னாள். என்னைக் கதையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

"முதலை இல்ல கண்ணு" என்றேன்.

அவள் சீப்பு நின்றது.

"பெயின்ட் அடிக்கிற மெஷின்ல பட்டுது. சின்னப் புள்ளிதான். அன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிருந்தா விரல் பொழைச்சிருக்கலாம். போக வேண்டாம், தன்னால சரியாயிடும்னு நான் பொய் சொன்னேன்."

சின்னப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"இவ்வளவுதானா கதை?"

"இவ்வளவுதான்."

அதற்குப் பிடிக்கவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டது.

அக்கா மகள் முடியை மூன்றாகப் பிரித்தாள். இரண்டு பிரியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கெட்டியாப் பிடிங்க மாமா. நான் சொல்றப்பக் குடுத்தாப் போதும்."

பிடித்தேன். அவள் சொன்னபோது கொடுத்தேன்.