வீக்கம் வடிந்த காலை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நானும் தம்பியும் நலம், அப்பாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், தம்பி படம் பிடித்து உனக்கு அனுப்புவான், கடைசி வரி வரை படி.

டிப்போவில் வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கணுக்கால் முறிந்தது உனக்குத் தெரியும். மாவுக்கட்டு போட்டதிலிருந்து மனுஷர் நாற்காலியை விட்டு எழவில்லை, அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவருக்கு டி.வி. ரிமோட்தான் ஸ்டியரிங். கட்டைப் பிரித்த பிறகும் கெண்டைக்கால் வீங்கிச் சூடாகவே இருந்தது, காட்டிவிட்டு வரலாம் என்றால் கட்டு போட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று என் வாயை அடைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் வீக்கம் வடிந்திருந்தது. பாத்தியா, நான் சொன்னேன்ல என்று பெருமையடித்துக்கொண்டே மாடிக்குத் துணி எடுக்கப் போனவர், நாலு படி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு இரைக்கிறது, பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. தம்பிதான் ஆட்டோ பிடித்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

வீக்கம் எப்போ குறைஞ்சுதுன்னு டாக்டரம்மா கேட்டார், இன்னிக்குக் காலையில்தான் என்றதும் அவர் முகம் மாறியது. இதயம் தள்ளுகிற வேகத்தில் ரத்தம் பாதம் வரை இறங்கிவிடுமாம், திரும்பி ஏற அந்த வேகம் போதாதாம், நடக்கும்போது கெண்டைச் சதைதான் பிழிந்து பிழிந்து மேலே அனுப்புமாம், குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருந்து மறுபடி கீழே விழாமல் தடுக்குமாம். காலை அசைக்காமலே கிடந்தால் ரத்தம் தேங்கி உறைந்துவிடும். அப்படி உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதாம். நல்லதாயிற்று என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது போய்க்கொண்டிருந்திருக்கிறது. இனியும் உறையாமலிருக்க மருந்து ஏறுகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆச்சான்னு கேட்டார். அப்பாவின் தங்கை, உன் அத்தை, பிரசவம் முடிந்து பத்து நாளில் ஜன்னல் சாத்தப் போனவள் அப்படியே சாய்ந்து உயிரை விட்டதைச் சொன்னேன், மாரடைப்பு என்றுதானே எல்லோரும் நினைத்தோம். அதுவும் இந்தக் கட்டியாக இருக்கலாம், சில குடும்பத்தில் ரத்தத்தோடு வரும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர் என்றார்.

நேற்று மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உனக்கு ஒரு வாரமாக இடது கெண்டைக்காலில் வலியாம், கிரேன் கேபினில் உட்கார்ந்தே இருந்து வந்த சுளுக்கு என்று தைலம் தேய்க்கிறாயாம், அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு வேறு சொல்லியிருக்கிறாய். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. தைலம் தேய்க்காதே, காலைப் பிடித்துவிடச் சொல்லாதே. லீவு கிடைக்காது என்றாயாம், கிரேன் நிற்கட்டும், நீ ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பா கதையையும் அத்தை கதையையும் ஒன்றுவிடாமல் அங்கே டாக்டரிடம் சொல்.

அப்பா மாஸ்க்கை விலக்கி விலக்கி, பாப்பா போனாளா, பாப்பா போனாளா என்றுதான் கேட்கிறார். போய்விட்டாள் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அதை மெய்யாக்கு.

நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும் கண்ணு. வெறும் சுளுக்குத்தான் என்று ஆகிவிட்டால் என்னை ஆசைதீரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா