பன்னிரண்டாவது தகடு

பிப்ரவரி 11
முகாம் மருத்துவமனை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நேற்று ரேடியோவில் உன் குரல் அவ்வளவு தெம்பாக இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உன் பதிலைக் கேட்டோம். ராணுவச் செலவு இந்த ஆண்டு ஏன் இப்படி ஏறியது, வெளிநாட்டில் அமைதிப்படையில் இருப்பவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்று அந்த எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். நீ சிரிப்பது எனக்கு ரேடியோவிலும் தெரியும். "அமைதிப்படையின் எல்லா வண்டிகளுக்கும் கண்ணிவெடியைத் தாங்கும் அடித்தகடு பொருத்தப்பட்டுள்ளது" என்றாய். அங்கே மேசையைத் தட்டினார்கள். இங்கே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அமைச்சரின் தங்கை என்பது சமையல்காரர் வரைக்கும் தெரியும்.

அக்கா, இங்கே பன்னிரண்டு வண்டி இருக்கிறது. ஒன்றுக்குக்கூடத் தகடு இல்லை. டாக்டர் கோட்டோடு மண்ணில் படுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நத்தை வேகத்தில் ஓட்டுவார், அதனால் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவர் என்னிடம், "டாக்டரம்மா, அமைச்சரே சொல்லிட்டாங்க. இனிமே கண்ணிவெடிதான் நம்மளப் பாத்துப் பயப்படணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

யாரோ உனக்குத் தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுந்து திருத்திவிடு. சின்ன வயதில் நான் பண்ணிய தப்புக்கெல்லாம் நீதானே போய் வாசலில் நின்று ஒப்புக்கொள்வாய்? இது உனக்குப் பெரிய காரியமா?

அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடச் சொல்.

உன்
பட்டாசு


பிப்ரவரி 20
பாதுகாப்புத் துறை அமைச்சர் அலுவலகம்

அம்மையீர்,

தங்கள் பிப்ரவரி 11 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் குறிப்பிட்டுள்ள பொருள் உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது. அமைதிப் பணியில் தாங்கள் ஆற்றிவரும் சேவைக்கு அமைச்சர் தமது பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
அமைச்சரின் தனிச் செயலாளர்


பிப்ரவரி 27
முகாம் மருத்துவமனை

அக்கா,

அம்மையீராம்! யார் அந்த அம்மையீர்? உன் பழைய பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேனே, அந்த நானா? என் கடிதத்தை நீ படித்தாயா, அல்லது உறையைப் பிரிப்பதற்கும் ஆள் வைத்திருக்கிறாயா? மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நீ கூட்டத்தில் இருக்கிறாயாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். ராக்கெட்தான் எடுத்து நீவி, "பாராட்டுக் கடிதம் டாக்டரம்மா, பிரேம் போட்டு மாட்டிடலாம்" என்று கொடுத்தார்.

இதைக் கேள். எங்கள் தளபதி தகடு கேட்டு ஜனவரியிலேயே உன் தலைமைக் கிடங்குக்கு எழுதியிருந்தார். நேற்று அந்தத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: "பொருத்தப்பட்டுவிட்டதாக அமைச்சரே அவையில் தெரிவித்துள்ளார். எனவே தேவை எழவில்லை." புரிகிறதா? தகடு கிடங்கில் தூங்குகிறது. நீ சொன்ன பொய் அதற்குக் காவல் நிற்கிறது. நீ வாயைத் திறந்து "தவறு" என்று சொல்லாதவரை ஒரு ஆணிகூட இங்கே வராது.

ராக்கெட் மண் மூட்டைகளைத் தைத்து ஆம்புலன்ஸ் தரையில் அடுக்கியிருக்கிறார். மொத்தம் ஐந்து மூட்டைதான். அதற்குமேல் பாரம் ஏற்றினால் வண்டி மேட்டில் ஏறாது. உன் பட்ஜெட்டில் எத்தனை போர் விமானம் வாங்கினாய் என்று அவர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? உனக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, எனக்கு இல்லையே.

உன் கைப்பட எழுது. டைப் அடித்த கடிதம் இன்னொன்று வந்தால் நான் உனக்குத் தங்கை இல்லை.

பட்டாசு


மார்ச் 6

என் செல்லப் பட்டாசுக்கு,

அக்கா கைப்பட எழுதுவது. போதுமா? என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது, பார். கையெழுத்துப் போட்டுப் போட்டு எழுதவே மறந்துவிட்டது.

உன் முதல் கடிதம் என் கைக்கு வரவேயில்லை. செயலாளரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகு கேள்விப் பிரிவில் விசாரித்தேன். ஒரே மாதிரிக் கேள்வி வந்தால், போன முறை சொன்ன பதிலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவார்களாம். இருபது வருடமாக அதுதான் வழக்கமாம். போன முறை அந்தப் பதில் உண்மை. உங்களுக்கு முன்னால் அங்கே இருந்த பிரிவு, திரும்பும்போது தன் வண்டிகளைத் தகடுகளோடு கொண்டுவந்துவிட்டது. உங்களுக்குக் கொடுத்தது கிடங்கில் சும்மா கிடந்த வண்டிகள். வண்டி மாறியது ஒருவர் தலையிலும் ஏறவில்லை. நானும் அப்படியே வாசித்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பட்டாசு, நீ கத்துவதற்கு முன் ஒரு நிமிடம் கேள். ராணுவச் செலவு மீதான வாக்கெடுப்பு பதினேழாம் தேதி. அதற்கு முன் நான் எழுந்து "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றால், அன்று கேள்வி கேட்டாரே, அந்தக் கண்ணாடிக்கார உறுப்பினர் என்னை உரித்துத் தொங்கவிடுவார். கட்சித் தலைவர் நேற்றே கூப்பிட்டு, "பதினேழு வரைக்கும் வாய மூடிட்டு இருங்க. இல்லன்னா வீட்டுக்குப் போயிடுங்க" என்றார். நான் வீட்டுக்குப் போனால் வருகிறவன் உங்களுக்குத் தகடு அனுப்புவானா? அவனுக்குத் தங்கை அங்கே இருக்கிறாளா?

சத்தமில்லாமல் அனுப்பவும் பார்த்தேன். அவையில் சொன்னதற்கு மாறாகக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயாரில்லை. பன்னிரண்டே நாள்தான். பதினெட்டாம் தேதி காலையில் நானே எழுந்து திருத்துகிறேன். அதுவரை நீ வண்டியில் ஏறாதே. இது அக்காவின் கட்டளை.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ இளைத்திருப்பாய் என்று புலம்புகிறாள்.

உன் அக்கா


மார்ச் 15
முகாம் மருத்துவமனை

அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி விமானத்தில் வந்தது. பதிமூன்றாம் தேதி காலையில் ராக்கெட் செத்துப்போனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தது. வண்டியில் ஏறாதே என்று கட்டளை போட்டிருந்தாய். அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினேழாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளம்மா, எங்கள் அக்காவுக்கு வாக்கெடுப்பு இருக்கிறது என்றா?

திரும்பி வரும்போது முன் சக்கரம் கண்ணிவெடியில் ஏறியது. அவளும் நானும் பின்னால் இருந்தோம். இரண்டு பேருக்கும் பெரிய காயமில்லை. குழந்தையும் பிழைத்தது. எனக்கு இடது காது மட்டும் இன்னும் கேட்கவில்லை. எப்படித் தப்பினோம் என்று பிறகுதான் பார்த்தேன். ஐந்து மூட்டையும் பின்னால், எங்கள் காலடியில் கிடந்தன. கிளம்பும்போது தன் காலடியில் இருந்த இரண்டையும் எடுத்து அந்தப் பெண்ணின் படுக்கைக்கு அடியில் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

அந்த இடத்திலேயே உயிர் போகவில்லை, அக்கா. நாற்பது நிமிடம் இருந்தார். என் கையில்தான் போனார். "வண்டிய மெதுவாத்தானே ஓட்டுனேன் டாக்டரம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போனார். அதற்காக உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். தகடு வராததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, இதை மாட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பன்னிரண்டு நாள் என்றாய். உன் பன்னிரண்டு நாளை நீயே வைத்துக்கொள்.


மார்ச் 26

பட்டாசு,

அக்கா எழுதுவது. இந்தத் தாளில் அலுவலக முத்திரை இல்லை, பார்த்திருப்பாய்.

பதினெட்டாம் தேதி காலையில் எழுந்தேன். "நான் சொன்னது தவறு. ஒரு வண்டிக்குக்கூடத் தகடு இல்லை. அதனால் ஓர் ஓட்டுநர் இறந்தார்" என்று படித்தேன். இந்த முறை வேறு யாரும் எழுதித் தரவில்லை. எதிர்வரிசையில் கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் கத்தாமல், "எப்போது தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக்கூடாது. ராக்கெட் இறந்த செய்தி பதிமூன்றாம் தேதி மாலையே என் மேசைக்கு வந்துவிட்டது. நீ அந்த வண்டியில் இருந்தாய் என்பதும் அதில் இருந்தது. நீ பிழைத்துவிட்டாய் என்று படித்ததும் மூச்சு வந்தது. அதற்குப் பிறகும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. பதினேழாம் தேதி கையைத் தூக்கி வாக்களித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். போனவர் போய்விட்டார், இனி நான்கு நாளில் என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த நான்கு நாளும் மீதிப் பதினோரு வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். அதற்கு முன் கடைசியாகப் போட்ட கையெழுத்து உங்கள் தகடுகளுக்கு. பன்னிரண்டு செட்டும் அடுத்த விமானத்தில் வருகின்றன.

ராக்கெட்டின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், தப்பெல்லாம் என்னுடையது என்று சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கைப்பட நாலு வரி எழுது, போதும். அம்மா தினமும் கேட்கிறாள். நானும்தான்.

உன் அக்கா


ஏப்ரல் 9
முகாம் மருத்துவமனை

பெறுநர்:
முன்னாள் பாதுகாப்புத் துறை அமைச்சர்

அம்மையீர்,

தங்கள் மார்ச் 26 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் குறிப்பிட்டபடி அடித்தகடுகள் பன்னிரண்டு செட் ஏப்ரல் 5 அன்று வந்து சேர்ந்தன. பதினொன்று பொருத்தப்பட்டுவிட்டன. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் நானே படுத்துப் பார்த்தேன்.

மீதமுள்ள ஒரு செட், அது சேர வேண்டிய வண்டி இப்போது இல்லாததால், தங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்பத் தேவையில்லை.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முகாம் மருத்துவர்